இரண்டு வர வேண்டிய இடத்தில் நான்கு: ஓர் இசட் பிரைம் கணக்கின் பதிவு

ஒரு துகளின் பிணைப்பு வலிமையை இரட்டித்தால், மோதலில் அது உருவாகும் வாய்ப்பின் அளவான குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்காக வேண்டும். என் திரையில் அது பதினாறு மடங்காகியிருந்தது. மூன்று வார வேலை முடிந்தது என்று நினைத்து, கடைசி வரைபடத்துக்கு வண்ணம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த இரவில்தான் அது கண்ணில் பட்டது. வண்ணம் அப்படியே நின்றது. அடுத்த ஐந்து நாட்கள் எங்கே போயின என்பதையும், அதற்கு முன் நான் விழுந்து எழுந்த வேறு சில குழிகளையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதே வேலையைத் தொடங்குகிறவருக்கு ஐந்து நாள் மிச்சமாகலாம்.

வேலை இதுதான். துகள் இயற்பியலின் ஸ்டாண்டர்ட் மாடலை நீட்டிக்கும் மாடல்களில் மிக எளிமையான ஒன்றை எடுத்து, பெரும் ஹாட்ரான் மோதுவியின் வெளியிடப்பட்ட தரவு அதில் எவ்வளவை விட்டுவைத்திருக்கிறது என்று சொந்தமாகக் கணக்கிட்டுப் பார்ப்பது. நான் எடுத்தது ‘பி மைனஸ் எல்’ மாடல். பேரியான் எண்ணிலிருந்து லெப்டான் எண்ணைக் கழித்தால் வருவதை மின்னூட்டம் போன்ற ஒன்றாகக் கொள்ளுங்கள். புரோட்டானுக்குள் இருப்பது போன்ற குவார்க் ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒன்று, எலக்ட்ரான், மியுவான் போன்ற லெப்டான் ஒவ்வொன்றுக்கும் மைனஸ் ஒன்று. இந்த மின்னூட்டம் உள்ள துகள்களோடு பிணையும், விசையைச் சுமந்து செல்லும் புதிய போசான்தான் இசட் பிரைம். கணக்கு முரண்படாமல் இருக்க மூன்று வலக்கை நியூட்ரினோக்களும், போசானுக்கு நிறை தர ஒரு புதிய ஸ்கேலாரும் (தற்சுழற்சி இல்லாத துகள்) தேவைப்படுகின்றன. அறியாத எண்கள் முக்கியமாக இரண்டு: இசட் பிரைமின் நிறை, அதன் பிணைப்பு வலிமை. இரண்டே எண்கள் என்றால் முடிவை ஒரு தாளில் படமாக வரைந்துவிடலாம். நான் இதைத் தேர்ந்தெடுக்க அதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம், இந்தத் துகள் விட்டுச் செல்லும் தடம் சுத்தமானது. புரோட்டான்கள் மோதும்போது ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்து இசட் பிரைமை உண்டாக்கும். அது உடனே சிதைந்து ஓர் எலக்ட்ரான் இணையாகவோ மியுவான் இணையாகவோ வெளியே வரும். இரண்டின் ஆற்றலையும் திசையையும் அளந்து, இரண்டும் சேர்ந்த நிறையைக் கணக்கிட்டு எண்ணிக்கையை வரைந்தால், இசட் பிரைமின் நிறை இருக்கும் இடத்தில் ஒரு மேடு தெரிய வேண்டும். அந்த மோதுவியில் இயங்கும் அட்லஸ் ஆய்வுக் குழு 2015 முதல் 2018 வரை 13 டெரா எலக்ட்ரான்வோல்ட்டில் சேர்த்த தரவு முழுவதையும் வைத்து இந்த மேட்டைத் தேடி, 2019-இல் முடிவை வெளியிட்டது. 139 இன்வர்ஸ் ஃபெம்டோபார்ன் (மோதல்கள் மொத்தம் எவ்வளவு என்பதன் அலகு) தரவு அது. மேடு எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே என் வேலை, இல்லாத ஒன்று எதுவரை இல்லை என்று சொல்லும் எல்லைக்கோட்டை என் மாடலுக்காக வரைவது. (இந்தத் துறையில் ஆற்றலுக்கும் நிறைக்கும் ஒரே அலகுதான். இனி டெரா எலக்ட்ரான்வோல்ட்டை டிஇவி என்றும், அதன் ஆயிரத்தில் ஒரு பங்கை ஜிஇவி என்றும் எழுதுகிறேன்.)

கருவிகள் எல்லாம் இலவசம். மாடலின் விதிகளைக் கணினி படிக்கும் கோப்பாக மாற்ற ஃபெயின்ரூல்ஸ் இருக்கிறது. இந்த மாடலுக்கு ஆயத்தக் கோப்பே கிடைத்ததால் அந்தப் படியைத் தாண்டிவிட்டேன். மோதல்களைக் கணக்கிட மேட்கிராஃப். அட்லஸ் வெளியிட்ட எல்லைகளின் எண்களை எடுக்க ஹெப்டேட்டா. ஒரு காலத்தில் ஆய்வுக் கட்டுரையின் படத்தைப் பெரிதாக்கி, கோட்டின்மேல் சுட்டியை வைத்துப் புள்ளி புள்ளியாக எண்களைப் பிடுங்குவார்கள். ஹெப்டேட்டாவில் அதே கோடு அட்டவணையாக இருக்கிறது. இருந்தும் இன்னமும் சிலர் சுட்டியோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கிறேன்.

டிடெக்டரைப் போலி செய்யும் டெல்ஃபிஸையும் நிறுவி, அமைத்து, இரண்டு நாள் செலவழித்தேன். பிறகுதான் அட்டவணையின் தலைப்பை ஒழுங்காகப் படித்தேன். அது ‘ஃபிடியூஷியல்’ குறுக்குவெட்டுக்கான எல்லை. அதாவது இரண்டு லெப்டான்களுக்கும் குறுக்கு உந்தம் 30 ஜிஇவி-க்கு மேல், போலித்துரிதம் (கற்றையோடு ஒப்பிட்ட திசையின் அளவு) 2.5-க்குள் என்று வரையறுத்த பகுதிக்குள் டிடெக்டரின் திறனை அட்லஸே கழித்துக் கொடுத்திருக்கிறது. நான் மறுபடியும் கழித்தால் ஒரே வரியை இரண்டு முறை கட்டிய கதையாகிவிடும். டெல்ஃபிஸ் இன்னும் என் கணினியில் சும்மா இருக்கிறது.

சொந்த மாடலைத் தொடுவதற்கு முன், ஏற்கெனவே விடை தெரிந்த ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும் என்பதில் நான் கறாராக இருந்தேன். இந்தத் துறையில் அதற்கென்றே ஒரு பொம்மை மாடல் உண்டு. சாதாரண இசட் போசானின் பிணைப்புகளை அப்படியே பிரதியெடுத்து நிறையை மட்டும் கூட்டிய இசட் பிரைம் அது. அட்லஸ் முடிவின்படி அது 5.1 டிஇவி-க்குக் கீழே இல்லை. அதே மோதுவியின் இன்னொரு குழுவான சிஎம்எஸ் 2021-இல் சொன்னது 5.15. நான் என் கணக்குத் தொடர் முழுவதையும் ஓட்டினால் அதே 5.1 வர வேண்டும்.

வந்தது 5.5.

எல்லை கூடுதலாக வருவது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அட்லஸின் தரவை வைத்துக்கொண்டு அட்லஸைவிட நான் அதிகமான நிறைகளை விலக்கிவிட்டேன் என்றால் பிழை என் பக்கம்தான். மேட்கிராஃபில் லெப்டானுக்கு ‘எல்’ என்று எழுதினால் அது எலக்ட்ரானையும் மியுவானையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். அட்டவணையோ ஒரே ஒரு வகை லெப்டானுக்கானது. என் குறுக்குவெட்டு சரியாக இரண்டு மடங்கு பெரிதாக நின்றது. இரண்டால் வகுத்தேன். எல்லை 5.2-க்கு இறங்கியது. இவ்வளவு உயர்ந்த நிறையில் குறுக்குவெட்டு மிகச் செங்குத்தாகச் சரிகிறது. ஆகவே இரண்டு மடங்குப் பிழைகூட நிறை அச்சில் 0.3 டிஇவி மட்டுமே நகர்த்துகிறது. இது ஒருவகையில் ஆபத்து. பெரிய பிழையும் சிறிய நகர்வாக வேடம் போட்டுக்கொண்டு வருகிறது, ‘கிட்டத்தட்ட சரி’ என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

5.2-க்கும் 5.1-க்கும் இடையில் அப்படித்தான் விட்டுவிடப் பார்த்தேன். நல்லவேளையாக, நிகழ்வுகளின் நிறைப் பரவலை வரைந்து பார்த்தேன். 5 டிஇவி-யில் ஒரு மேடு, சரி. ஆனால் அதிலிருந்து இடப்பக்கமாக ஒரு வால் நீண்டு 2 டிஇவி-க்குக் கீழும் போயிருந்தது. 5 டிஇவி நிறையுள்ள ஒன்றை உருவாக்கப் புரோட்டானின் மொத்த உந்தத்தில் ஏறத்தாழ 38 சதவீதத்தை ஒரு குவார்க்கும், அதே அளவை எதிரே வரும் புரோட்டானில் ஓர் எதிர்க்குவார்க்கும் சுமந்து வர வேண்டும். 13-இல் 5 என்பதன் கணக்கு அது. அப்படிப்பட்ட எதிர்க்குவார்க் புரோட்டானுக்குள் மிக அரிது. தாழ்ந்த நிறையில் ஆட்கள் ஏராளம். அதனால் இசட் பிரைம் தன் சொந்த நிறையிலிருந்து வெகுதூரம் விலகிப் பிறப்பதுகூட எண்ணிக்கையில் கணிசமாகிவிடுகிறது. அட்லஸ் இதை அறிந்தே, நிறையிலிருந்து மேட்டின் அகலத்தின் (துகள் வேகமாகச் சிதைந்தால் இது கூடும்) இரு மடங்கைக் கழித்து, அதற்கு மேலிருப்பதை மட்டும் எண்ணுகிறது. பொம்மை மாடலில் அகலம் நிறையில் 3 சதவீதம், 5 டிஇவி-க்கு 150 ஜிஇவி. ஆகவே 4.7 டிஇவி-க்குக் கீழே எதுவும் கணக்கில் வராது. வாலை வெட்டியதும் எல்லை 5.0 ஆனது.

மிச்சம் இருந்த 0.1-க்குக் காரணம் எளிது. என் மேட்கிராஃப் கணக்கு முதல் வரிசைக் கணக்கு. வலுவிசையின் மேல்வரிசைத் திருத்தங்களை அட்லஸ் ஒரு பெருக்கு எண்ணாகச் சேர்த்திருக்கிறது. அதே வகைத் திருத்தத்தை நானும் சேர்த்தேன். 5.1 வந்து நின்றது. அன்று மாலை வேறு வேலை பார்க்கவில்லை.

கூடவே ஒரு கைக்கணக்கு. பின்புலம் ஏதும் இல்லாத இடத்தில், ஒரு நிகழ்வும் காணவில்லை என்றால், 95 சதவீத நம்பிக்கையோடு விலக்கக்கூடிய சராசரி எண்ணிக்கை 3. (0.05-இன் இயல் மடக்கையை எடுத்துக் குறியை மாற்றுங்கள்.) மூன்றை 139-ஆல் வகுத்தால் 0.0216 ஃபெம்டோபார்ன், இதுதான் குறுக்குவெட்டின் அலகு. அட்டவணையின் உயர்நிறைக் கடைசி வரிகள் இதன் அக்கம்பக்கத்தில் இருந்தாக வேண்டும், இருக்கின்றன. மேட்கிராஃப் விடையைப் பிகோபார்னில் தரும் என்பதை நான் ஒருமுறை மறந்து ஆயிரம் மடங்கு தவறியபோது, ஒரே பார்வையில் பிடித்துக்கொடுத்தது இந்த எண்தான்.

பிறகு பி மைனஸ் எல். இங்கேயும் ஓட்டுவதற்கு முன் தாளில் ஒரு கணக்குப் போட்டேன். இசட் பிரைம் எந்தெந்த வழியில் சிதையும்? மின்னூட்டத்தின் வர்க்கத்தை நிறங்களின் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் போதும். எலக்ட்ரான், மியுவான், டாவ் ஒவ்வொன்றுக்கும் 1, ஆக 3. குவார்க் ஒன்றுக்கு ஒன்பதில் ஒன்று, அதை மூன்று நிறங்களால் பெருக்கினால் மூன்றில் ஒன்று, ஆறு வகைக்கு 2. சாதாரண நியூட்ரினோக்களுக்கு இடக்கை மட்டுமே என்பதால் தலைக்கு அரை, ஆக 1.5. மொத்தம் 6.5. எலக்ட்ரான் இணைக்குக் கிடைப்பது 6.5-இல் ஒன்று, 15.4 சதவீதம். சாதாரண இசட் போசானில் இது 3.4 சதவீதம்கூட இல்லை. எலக்ட்ரானும் மியுவானும் இந்த மாடலுக்கு எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். புதிய வலக்கை நியூட்ரினோக்கள் இசட் பிரைமின் பாதி நிறையைவிட மிகவும் லேசாக இருந்தால் இன்னொரு 1.5 சேர்ந்து மொத்தம் 8 ஆகும், பங்கு 12.5 சதவீதமாகக் குறையும். நான் அவற்றைக் கனமாக வைத்து அந்தக் கதவை மூடினேன்.

அகலத்துக்கும் அதே எண் உதவும். வலிமையின் வர்க்கத்தை 6.5-ஆல் பெருக்கி, 12 பை, அதாவது 37.7-ஆல் வகுத்தால், அகலம் நிறையில் எத்தனை பங்கு என்று கிடைக்கும். வலிமை 0.2, நிறை 3 டிஇவி என்றால் அகலம் 20.7 ஜிஇவி. மேட்கிராஃபில் அகலத்தின் இடத்தில் ‘ஆட்டோ’ என்று எழுதி ஓட்டினேன். அதுவும் 20.7 என்றது. எலக்ட்ரான் இணையின் பங்கும் 15.4 சதவீதம் என்றே வந்தது. திருப்தியாக, நூற்றுக்கணக்கான நிறை–வலிமைச் சேர்க்கைகளை வரிசையாக ஓட்டும் சிறு நிரல் ஒன்றை எழுதி, இரவு முழுதும் ஓடவிட்டேன். ஒரு சேர்க்கைக்குப் பத்தாயிரம் நிகழ்வுகள்.

முதலில் சொன்ன பதினாறு மடங்கு இந்த ஓட்டத்தில் வந்ததுதான். ஏன் நான்கு வர வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இசட் பிரைம் உருவாவது வலிமையின் வர்க்கத்தைப் பொறுத்தது. உருவான பின் எலக்ட்ரான் இணையாகப் பிரிவது ஒரு பங்கு மட்டுமே, வலிமை மாறினாலும் 15.4 சதவீதம் மாறாது. ஆகவே மொத்தம் வர்க்கமாகத்தான் வளர வேண்டும். மடக்கைத் தாளில் வரைந்தால் சாய்வு இரண்டு. என் கோட்டின் சாய்வை அளந்தேன், நான்கு. ஒரு தசமம்கூட விலகாத, அலுங்காத நான்கு. குலுங்கும் பிழை என்றால் போதாத நிகழ்வுகள் என்று சொல்லலாம். இவ்வளவு துல்லியமான பிழைக்கு ஒழுங்கான ஒரு காரணம் இருக்க வேண்டும்.

மாடல் கோப்பைச் சந்தேகித்தேன். இரண்டு நாள் அதில் போனது. புரோட்டானின் உந்தத்தைக் குவார்க்குகள் எப்படிப் பகிர்கின்றன என்று சொல்லும் பகிர்வுச் சார்புகளை மாற்றி ஓட்டினேன், கோடு சற்றே ஏறி இறங்கியது, சாய்வு அசையவில்லை. மூன்றாம் நாள் மேட்கிராஃபையே அழித்து மறுபடி நிறுவினேன். இது கோபத்தில் செய்தது. இதனால் எதுவும் சரியாகாது என்று அப்போதே தெரியும்.

நான்காம் நாள் வலிமை 0.1-க்கான சேர்க்கையின் அளவுரு அட்டையை, அதாவது நிறை, வலிமை, அகலம் எல்லாம் எழுதியிருக்கும் கோப்பைத் திறந்து, வரி வரியாக விரலை வைத்துப் படித்தேன். இசட் பிரைமுக்குத் துகள் பட்டியலில் குறியீட்டு எண் 32. அகலம் எழுதும் பகுதியில் அந்த எண்ணுக்கு எதிரே இருந்தது 20.7. அங்கே இருக்க வேண்டியது 5.2. வலிமை 0.4-க்கான அட்டையைத் திறந்தேன். அங்கேயும் 20.7. இருக்க வேண்டியது 82.8.

நடந்தது இதுதான். முதல் ஓட்டத்தில் ‘ஆட்டோ’ என்று எழுதியிருந்தேன். மேட்கிராஃப் அகலத்தைக் கணக்கிட்டு, அந்தச் சொல்லை அழித்துவிட்டு எண்ணை எழுதி, ஓட்டத்தின் கோப்புறையில் அட்டையைச் சேமித்திருக்கிறது. அது செய்தது சரிதான், எந்த அகலத்தோடு ஓடியது என்ற பதிவு வேண்டும் அல்லவா? நான்தான் அந்தச் சேமித்த அட்டையை எடுத்து என் நிரலுக்கு அச்சாக வைத்தேன். நிரல் நிறையையும் வலிமையையும் ஒழுங்காக மாற்றிக்கொண்டே போனது. அகலம் மட்டும் கல்வெட்டுபோல நின்றுவிட்டது. அகலம் உறைந்துவிட்டால் குறுக்குவெட்டு, வலிமையின் நான்காம் அடுக்கை அகலத்தால் வகுத்ததாகிறது. வகுக்கும் எண் மாறாது, ஆகவே சாய்வு நான்கு. வலிமை 0.1-இல் விடை நான்கில் ஒரு பங்கு, 0.4-இல் நான்கு மடங்கு.

0.2-இல்? மிகச் சரி. நான் கையால் சரிபார்த்த ஒரே சேர்க்கை, பிழை தன்னைக் காட்டிக்கொள்ளாத ஒரே சேர்க்கை. இதை நினைத்து இன்றும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. இப்போது நிரலில் ஒரு காவல் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சேர்க்கையையும் ஓட்டும் முன் தாள் சூத்திரத்தின் அகலத்தையும் அட்டையின் அகலத்தையும் ஒப்பிடும். 5 சதவீதத்துக்கு மேல் விலகினால் நின்றுவிடும்.

திருத்திய ஓட்டத்தில் சாய்வு இரண்டாக வந்தது. எல்லைக்கோடும் அழகாக வந்தது, படத்தின் மேற்பகுதியைத் தவிர. வலிமை கூடக்கூட அகலமும் கூடும். அட்லஸின் எல்லைகள் பூஜ்ஜியம் முதல் 10 சதவீதம் வரையிலான அகலங்களுக்குத் தரப்பட்டவை. சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், வலிமை 0.76-ஐத் தொடும்போது என் இசட் பிரைம் 10 சதவீதத்தைத் தொடுகிறது. வலிமை 1 என்றால் 17 சதவீதம். இடைக்கணிப்பு செய்யும் என் நிரலோ அட்டவணை முடிந்ததைக் கவனிக்காமல், அதே கோட்டை நீட்டிக்கொண்டே போய், யாரும் அளக்காத எண்களை நம்பிக்கையோடு தந்துகொண்டிருந்தது. அவ்வளவு அகன்றது மேடே அல்ல, தொலைவிலிருந்து பார்த்தால் சமவெளி. மேடு தேடிய ஆய்வை அதற்குப் பொருத்துவது நியாயமில்லை. 0.76-க்கு மேலே கோட்டை வெட்டிவிட்டேன்.

வெட்டிய இடம் காலியாக இருப்பது உறுத்தியது. அதை நிரப்பியது பழைய இயந்திரம். இப்போதைய மோதுவி இருக்கும் அதே 27 கிலோமீட்டர் சுரங்கத்தில் முன்பு லெப் மோதுவி இருந்தது. எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிட்ட அந்த இயந்திரம் 2000-இல் நிறுத்தப்பட்டது. அதன் உச்ச ஆற்றல் 209 ஜிஇவி-தான், ஒரு டிஇவி-யில் கால் பங்குகூட இல்லை. இசட் பிரைமை நேரில் உருவாக்க அதனால் முடியாது. ஆனால் மிகக் கனமான இசட் பிரைமும் எலக்ட்ரான்–பாசிட்ரான் மோதலின் விகிதங்களைச் சற்றே தள்ளிவிடும். அந்தத் தள்ளல் நிறையையும் வலிமையையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை, இரண்டின் விகிதத்தை மட்டுமே பார்க்கிறது. லெப் அளவீடுகளில் அப்படி ஒரு தள்ளலும் இல்லாததால், இந்த மாடலில் நிறையை வலிமையால் வகுத்தால் ஏறத்தாழ 7 டிஇவி-க்கு மேல் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த விகிதத்துக்கு அகலத்தைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை.

படத்தில் அது மூலையிலிருந்து கிளம்பும் ஒரு நேர்க்கோடு. வலிமை 0.2-இல் அது 1.4 டிஇவி-யை மட்டுமே மூடுகிறது. அங்கே புதிய மோதுவி எங்கோ முன்னால் போய்விட்டது. 0.76-இல் 5.3 டிஇவி. வலிமை 1-இல் 7 டிஇவி. அதாவது என் அட்லஸ் கோடு கைவிடும் இடத்தில் லெப் கோடு கையைப் பிடித்துக்கொள்கிறது. நிறுத்தி இரண்டு தசாப்தங்களுக்கு மேலான இயந்திரத்தின் கோட்டை, புத்தம்புதிய நிரல்கள் வரைந்த படத்தின்மேல் ஓர் அளவுகோலை வைத்து இழுப்பதுபோல ஒரே வரியில் இழுத்து முடித்தேன். கணினி நேரம் ஒரு நொடிகூட ஆகவில்லை.

படத்தின் இடது ஓரத்தில் ஒரு பட்டையை மட்டும் வெள்ளையாக விட்டிருக்கிறேன். அட்லஸ் அட்டவணை 250 ஜிஇவி-யில் தொடங்குகிறது. அதற்குக் கீழே, வலிமை மிகக் குறைந்த இசட் பிரைமைப் பற்றி இந்தத் தரவு ஒன்றும் சொல்லாது. அங்கே சாதாரண இசட் போசானே 91 ஜிஇவி-யில் மலைபோல உட்கார்ந்திருக்கிறது. மேடு தேடுவதற்குப் பதிலாக, அந்தப் பகுதியில் ஏற்கெனவே அளந்து வெளியிட்ட பரவல்களோடு மாடலை ஒப்பிட வேண்டும். அதற்கு ரிவெட், கோண்டூர் என்று வேறு கருவிகள் இருக்கின்றன. ரிவெட்டை நேற்று நிறுவினேன். உதாரண நிரல் ஓடுகிறது. அகலத்தின் இடத்தில் ‘ஆட்டோ’ இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் ஓட்டினேன்.